பழைய விண்டோஸில் பிரவுசர்: கேள்வி பதில்

கே: விண்டோஸ் 7 வைத்திருக்கிறேன். குரோம் திறந்தாலே, இனி அப்டேட் வேண்டுமென்றால் விண்டோஸ் 10 வேண்டும் என்று ஒரு பட்டை வந்து நிற்கிறது. திடீரென்று நின்றுவிடுமா சார்?

ப: நிற்காது. உங்களிடம் இருப்பது குரோமின் 109-வது வெர்ஷன். விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் அதுதான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 கேட்கிறது. 109 இப்போதும் திறக்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கிற ஓட்டைகளை அதில் யாரும் அடைப்பதில்லை. போகப்போக சில தளங்கள் கோணலாகத் தெரியும், அப்புறம் பட்டன்களும் வேலை செய்யாது.

கே: நன்றாக ஓடுவதை ஏன் கைவிடுகிறார்கள்? புதுக் கம்ப்யூட்டர் வாங்க வைக்கத்தானே?

ப: அந்தச் சந்தேகத்தை நான் முழுசாகத் தள்ளமாட்டேன். சஃபாரி பிரவுசரும் அது ஓடும் மேக் கம்ப்யூட்டரும் ஒரே கம்பெனிதானே, ஆப்பிள்! ஆனால் விண்டோஸ் கதை வேறு. எழுத்தை வரைய, ஃபைலைத் திறக்க, சந்தேகமான தளத்தை சாண்ட்பாக்ஸில், அதாவது மற்றதைத் தொடமுடியாத தனிக்கூண்டில், அடைத்து வைக்க, எல்லாவற்றுக்கும் பிரவுசர் இயங்குதளத்தைத்தான் நம்பியிருக்கிறது. புதிய விண்டோஸில் இருக்கும் பாதுகாப்பு வசதிகள் பழையதில் இல்லை. பழைய விண்டோஸுக்கென்று பிரவுசரைத் தனியாக எழுதி, தனியாகச் சோதிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு விண்டோஸ் 7-க்குக் கொடுத்துவந்த, ஓட்டைகளை அடைக்கிற பேட்ச்கூட 2023 ஜனவரி 10-ல் முடிந்தது. அதற்கு அடுத்த மாதமே குரோமும் விலகியது தற்செயல் இல்லை.

கே: ஃபயர்பாக்ஸ் போட்டால்?

ப: விண்டோஸ் 7-ஐ விடவே முடியாது என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். 115 இஎஸ்ஆர் என்ற, நீண்ட நாள் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கிற வெர்ஷன். 2024 செப்டம்பரோடு முடிப்பதாக இருந்தார்கள், பிறகு கெடுவைத் தள்ளிப்போட்டார்கள். இன்னொரு லாபம், ஒரு தளம் அசல்தான் என்று காட்டுகிற சான்றிதழ்களில் எவற்றை நம்பலாம் என்ற பட்டியலை ஃபயர்பாக்ஸ் தன்னோடே கொண்டுவருகிறது. 2021 செப்டம்பர் 30-ல் தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, பழைய மேக்குகளில் சஃபாரி பல தளங்களைத் திறக்க மறுத்தது. அதே மேக்கில் ஃபயர்பாக்ஸ் திறந்தது.

கே: ஆண்ட்ராய்டு 9 போன்?

ப: அதற்குக் குரோம் 138-தான் கடைசி. 139-க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும்.

கே: விண்டோஸ் 10-ஐயும் 2025 அக்டோபர் 14-ல் முடித்துவிட்டார்களே, உடனே மாறணுமா?

ப: பிரவுசருக்காக மட்டும் என்றால் அவசரம் இல்லை. விண்டோஸ் 10-இன் கடைசி வெர்ஷனான 22எச்2-வில், மைக்ரோசாஃப்டின் சொந்த பிரவுசரான எட்ஜுக்கு 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் உண்டு என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ஆனால் அது பிரவுசருக்கு மட்டும்தான். விண்டோஸுக்கான பேட்ச் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

கே: பழைய லேப்டாப், 2 ஜிபி ரேம். தூக்கிப் போடவா?

ப: வேண்டாம். முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிறகு விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் இயங்குதளத்தில் எடை குறைந்த ஒன்றைப் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் சவுண்டும் வந்தால் இன்ஸ்டால் செய்யலாம். ஒரே நேரத்தில் பத்து டேப் மட்டும் திறக்காதீர்கள்.