கொழுந்து மொத்தம் 65.536 கிலோ குறைவது ஏன்

தம்பி, தேயிலைக் கொழுந்தின் எடையை 64 பிட் எண்ணாக, நாலு 16 பிட் சொல்லாக (வேர்ட்) பிரித்து வைத்துக் கிராமில் கூட்டும் ஃபங்ஷன் லேப்டாப்பில் சரி, ஹட்டன் ஃபேக்டரி தராசிலுள்ள ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் மட்டும் மொத்தம் 65.536 கிலோ குறைகிறது என்றீங்க. கீழ்ச்சொல்லின் கேரிதான், அதாவது அது நிரம்பி அடுத்த சொல்லுக்குப் போக வேண்டிய 1தான் தொலைகிறது; அதன் மதிப்பு 65,536 கிராம். லேப்டாப்பில் இன்ட் (சாதாரண முழு எண் வகை) 32 பிட், உங்க ஊனோவில் 16. அதனால் 17ஆவது பிட் கூட்டும்போதே வெட்டுப்படும். பிறகு 32 பிட் மாறியில் போட்டும் பயனில்லை. கூட்டுவதற்கு முன்பே முதல் எண்ணை 32 பிட் அன்சைன்டாக (மைனஸ் இல்லாத எண் வகையாக) காஸ்ட் பண்ணுங்க, அதாவது மாற்றுங்க. கீழ் 16 பிட் விடை, மேலே மிஞ்சுவது கேரி.

‘விடை முதல் எண்ணைவிடச் சிறிதா’ என்று மட்டும் பார்த்துக் கேரி எடுக்காதீங்க. இரண்டாம் சொல் 65,535, உள்ளே வரும் கேரி 1 என்றால் விடை முதல் எண்ணுக்குச் சமம்; சோதனை ஏமாந்துவிடும். அந்தக் கணக்கையே போட்டு டெஸ்ட் பண்ணுங்க.

64 பிட்டே போதுமென்றால் இவ்வளவு பாடு எதற்கு? கம்பைலரின் 64 பிட் அன்சைன்ட் வகையே இருக்கிறது, ஃப்ளாஷ் (புரோகிராம் இருக்கும் மெமரி) கொஞ்சம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.