பச்சரிசி கொறிப்பதும் சூளகிரி மேடும்

பச்சரிசி கொறிக்கும் பழக்கம் எப்போது ஆரம்பித்தது? உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் கேட்கத் தோன்றியது இதுதான். சைக்கிள் ஓட்டுவதால் வரும் முழங்கால் வலி, விரல் மரத்துப்போவது, சீட் புண், வாட்ச் காட்டும் இதயத்துடிப்பு 176, கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று மாமியார் சொன்னது, நாற்பத்தாறு வயதில் 200 கி.மீ. ஓட்டலாமா என்பது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எடை வேறு குறையவில்லை, சமைக்கும்போது பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறேன், அதனாலா?" என்று ஒரு வரி. அதற்குக் கொஞ்சம் மேலே, இருபது நாளுக்கு ஒரு முறை தூரம் (மாதவிலக்கு) வருகிறது, ஒன்பது நாள் நிற்பதில்லை, கட்டி கட்டியாகப் போகிறது, இந்த வயதில் எல்லோருக்கும் இப்படித்தானே என்று நீங்களே சமாதானமும் சொல்லிக்கொள்கிறீர்கள். இன்னொரு பக்கத்தில், போன வருடம் நிற்காமல் ஏறிய, கிருஷ்ணகிரி-ஓசூர் சாலையில் இருக்கும் சூளகிரி மேட்டில் இப்போது இரண்டு இடத்தில் இறங்கி மூச்சு வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் உங்களுக்கு வேறு வேறு கவலை. எனக்கு மூன்றும் ஒன்றுதான்.

உங்களுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று பரிசோதனை இல்லாமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம், ஆனால் சொல்லமாட்டேன், பரிசோதனை செய்து எண்ணைப் பாருங்கள். பச்சரிசி, ஐஸ், விபூதி, சிலேட்டுக்குச்சி, செங்கல் பொடி என்று எதையாவது வாய் தேடினால் உடம்பில் இரும்புச்சத்து வற்றிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தருமபுரியில் இருபது வருடத்துக்கு மேல் பெண்களைப் பார்த்துவருகிறேன். "அரிசி திங்கிறேன் டாக்டர்" என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னவர்களில் ஹீமோகுளோபின் சரியாக இருந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் உங்களுக்கே புரியும். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனாலே அதிகம் என்பது மருத்துவக் கணக்கு. நீங்கள் சொல்கிறபடி பத்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிய கட்டியும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கினும், இரவில் படுக்கை விரிப்பு நனைவதும் என்றால் அது 80-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. 200 மில்லி என்றே வைத்துக்கொள்வோம், நூறு மில்லிகிராம் இரும்பு போயிற்று. சாப்பாட்டிலிருந்து உடம்பு உறிஞ்சுவதோ ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம்தான். இருபது நாளில் இருபதிலிருந்து நாற்பது சேர்வதற்குள் அடுத்த தூரம் வந்துவிடுகிறது. இந்தப் பள்ளத்தை முருங்கைக்கீரையும் பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் நிரப்பாது. தினமும் ராகிக் களி சாப்பிடுகிறேன், எனக்கு எப்படி ரத்தம் குறையும் என்று நம் மாவட்டத்துப் பெண்கள் கேட்காத நாள் இல்லை. ராகி நல்ல சாப்பாடு, கால்சியம் நிறைய உண்டு, விட வேண்டாம். ஆனால் அதில் இருக்கும் இரும்பை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதிலும் நீங்கள் இரும்பு டானிக்கை ராகி மால்ட்டோடு குடித்துவிட்டு உடனே காபியும் குடிக்கிறீர்கள். அப்படிக் குடித்தால் அந்த டானிக்கில் பாதிக்கு மேல் வீண்.

176 விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 174 வரும், அது அதிகபட்ச இதயத்துடிப்புக்கு ஒரு பொதுவான மதிப்பீடு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு முன்பின் இருக்கும். மேட்டில் 176 காட்டியது என்பதற்காக ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துப் பயந்திருக்கிறீர்கள், அதற்கு அவசியமே இல்லை. நெஞ்சில் அழுத்தமோ தாடையிலோ கையிலோ இறுக்கமோ இல்லை, மயக்கம் வந்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்று வந்தால் சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும், அதை 'கேஸ்' என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது. அந்த 176-ஐ விட எனக்கு முக்கியம் வேறொன்று. அதே மேடு, அதே வேகம், போன வருடம் 150-இல் ஏறியது இப்போது 170-ஐத் தாண்டுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் இதயம் அதிக நடை நடந்துதான் ஈடுகட்ட வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு முன்னூறு மீட்டருக்கு மேல் ஏற்றம், அந்த மேட்டில் உங்கள் உடம்பு இதைச் சொல்லிவிட்டது. சமதளத்தில் மட்டும் ஓட்டியிருந்தால் இன்னும் ஆறு மாதம் தெரியாமலே போயிருக்கும்.

சரி, நீங்கள் எழுதாமல் விட்ட பயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு 42 வயதில் இதே மாதிரி அதிகமாகப் போய், டாக்டரிடம் போனதும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். எட்டு மாதமாக நீங்கள் யாரிடமும் போகாததற்கு அதுதானே காரணம்? போனால் எடுத்துவிடுவார்கள், எடுத்தால் சைக்கிள் போச்சு. இந்தப் பயம் நியாயமானதுதான். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது நம் நாட்டில் நடந்திருக்கிறது, அது உச்ச நீதிமன்றம் வரை போய், அதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உத்தரவே வந்தது. அதனால் பயப்படுகிறீர்கள் என்று உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தில் வீட்டிலேயே உட்கார்ந்தால், ஒரு மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டியது கடைசியில் ரத்தம் ஏற்றிக்கொண்டு ஆபரேஷன் டேபிளுக்குப் போய் நிற்கும். அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வயதில் இப்படிப் போவதற்குப் பெரும்பாலும் காரணம், கருமுட்டை ஒழுங்காக வெளிவராமல் ஹார்மோன் தாறுமாறாவது, அல்லது கர்ப்பப்பையில் சாதாரண நார்க்கட்டி, சின்னச் சதை வளர்ச்சி, சில சமயம் தைராய்டு. அபூர்வமாக உள்சவ்வில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருக்கலாம், அதைத் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான் 45 தாண்டியவர்களுக்கு ஸ்கேனோடு நிறுத்தாமல் உள்சவ்வில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறோம். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு எடுப்பது, பெரும்பாலும் வெளிநோயாளியாகவே முடிந்துவிடும், சில நிமிடம் வலிக்கும். ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, ஸ்கேன், இந்தச் சவ்வுப் பரிசோதனை. இவ்வளவுதான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குப் போங்கள். ஹீமோகுளோபின் மட்டும் என்றால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நாளைக் காலையில் பார்த்துவிடலாம்.

அப்புறம் வைத்தியம். போக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, முதல் மூன்று நான்கு மாதம் அவ்வப்போது சொட்டுச் சொட்டாகப் பட்டு எரிச்சலூட்டும், பிறகு பெரும்பாலானவர்களுக்குப் போக்கு வெகுவாகக் குறைந்து வருடக்கணக்கில் நிம்மதி. அதை வைத்துக்கொண்டு சைக்கிள் தாராளமாக ஓட்டலாம். கர்ப்பப்பையை எடுப்பது இவையெல்லாம் பலிக்காதபோதோ, சவ்வுப் பரிசோதனையில் கெட்டது தெரிந்தாலோ, கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ பேச வேண்டிய விஷயம். யாராவது முதல் நாளே, ஸ்கேன் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "எடுத்துடலாம்மா" என்றால், எந்தக் காரணத்துக்காக, வேறு வழி என்னென்ன முயன்று பார்க்கலாம் என்று கேளுங்கள், பதில் திருப்தியாக இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடம் போங்கள். அப்படியே எடுக்க நேர்ந்தாலும் சைக்கிள் போய்விடாது, சில மாத இடைவெளிதான்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். மூன்று முறை, நீண்ட ஓட்டத்துக்கு முன்னால், மெடிக்கலில் தூரம் தள்ளிப்போடும் மாத்திரை நீங்களே கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போடுவது வழக்கமாகிவிட்டதால் அது மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. அந்த மாத்திரையில் இருக்கும் நோரெதிஸ்டெரோனில் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, அதனால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் தண்ணீர் வற்றி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சீட்டில் உட்காருகிறீர்கள். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கும்போது கொடுக்கவே கூடாத மாத்திரை அது. நிறுத்தியதும் சேர்ந்து வந்து கொட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, கொட்டாமல் என்ன செய்யும்? இனி வேண்டாம். இந்த மாத்திரை போட்ட வாரங்களில் ஒரு கால் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் தசைப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஓட்டத்துக்கு முன்னால் போடும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையையும் நிறுத்துங்கள், வியர்த்து வற்றிய உடம்பில் அது கிட்னியைக் கெடுக்கும்.

மற்ற கேள்விகள். முழங்கால் முன்பக்கம் வலிப்பதற்கு போர் தண்ணீரின் ஃப்ளோரைடு காரணமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் அந்தப் பிரச்சினை உண்மைதான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. ஆனால் அது எலும்பைப் பிடித்தால் முதுகும் கழுத்தும் இறுகும். பெடல் மிதிக்கும்போது மட்டும் வலிக்கிறது என்றால் சீட் தாழ்வாக இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள், பெடல் அடியில் இருக்கும்போது கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும், மேட்டில் கனமான கியரை முக்கி மிதிக்காதீர்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது உள்ளங்கையில் நரம்பு அழுந்துவதால், மெத்தை வைத்த கையுறை போட்டு அடிக்கடி பிடியை மாற்றினால் சரியாகும், ஓட்டாத நாளிலும் மரத்துப்போனால் டாக்டரிடம் காட்டுங்கள். சீட் புண்ணுக்கு, பேடு வைத்த ஷார்ட்ஸுக்குள் வேறு உள்ளாடை போடாதீர்கள், இறங்கியதும் அதை மாற்றிவிடுங்கள். சைக்கிள் ஓட்டிக் கர்ப்பப்பை இறங்காது, உடம்புப் பாரத்தைச் சீட் தாங்குகிறது. பிரசவமும், நாள்பட்ட இருமலும், மலச்சிக்கலும், வருடக்கணக்கில் கனம் தூக்குவதும்தான் இறக்கும், மாமியாரிடம் தண்ணீர்க் குடத்தைப் பற்றிக் கேளுங்கள். சைக்கிள் எலும்பை உறுதியாக்காது, அதனால் வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி சேர்த்துக்கொள்ளுங்கள், மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் அது மிக அவசியம். வயதைப் பற்றிக் கேட்டால், புனேயின் பிரீத்தி மஸ்கே 2022-இல் லேவிலிருந்து மணாலி வரை 430 கி.மீ.யைத் தனியாக 55 மணி 13 நிமிடத்தில் ஓட்டி முடித்தபோது அவருக்கு 45 வயது.

இன்னும் ஆறு வாரத்தில் வரும் 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ஓட்டம்) வேண்டாம். பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டியதை இந்த ரத்தத்தோடு முடிக்கப் பார்த்தால், தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே தலைசுற்றி விழுந்தால் யார் தூக்குவது? என் கணக்கு இதுதான்: ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே என்றால் சைக்கிளையே தொட வேண்டாம். 8-க்கும் 10-க்கும் நடுவே என்றால் காலையில் கே.ஆர்.பி. அணை வரை சமதளத்தில் மெதுவாக, பேச்சு விடாமல் பேசிக்கொண்டு போகிற வேகத்தில். 10-க்கு மேல் போனதும் ஓட்டும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், 12-ஐத் தொட்டதும் சூளகிரி மேடு. போக்கு நின்று மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் ஏறும், அதற்கு அடுத்த சீசனில் நிச்சயம் இடமிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் நனைந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நிற்கும்போது கண் இருட்டினாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள், இரவே அவசரப் பிரிவு.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றிலோ எலுமிச்சம்பழச் சாற்றோடோ போடுங்கள், காபி, டீ, பால், ராகி மால்ட் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் நன்றாகவே ஏறும், அதுவும் ஒத்துவராவிட்டால் ஊசியாக ஏற்றலாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.