பின்பக்க ஆன்டி ரோல் பார்: 28,000 ரூபாயை எண்ணி வைக்கும் முன்

கேள்வி: வணக்கம் சார். என்னுடையது 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ. 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் இரண்டு முறையாவது மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் போய்வருவேன். கொண்டை ஊசி வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் வண்டியின் மூக்கு வெளிப்பக்கமாகவே போகிறது, நன்றாகச் சாயவும் செய்கிறது. இங்கே ஒரு கடையில், பின்னால் தடிமனான ஆன்டி ரோல் பார், அதாவது வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி, போட்டால் சாய்வு 60 சதவீதம் குறையும், ரயில் மாதிரி திரும்பும் என்கிறார்கள். கூலியோடு 28,000 ரூபாய். போடலாமா?
- கோவை வாசகர்

பதில்: போடலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். முதலில் அந்தக் கடைக்குப் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இப்போது என் வண்டியில் பின்னால் இருக்கும் பார் எத்தனை மில்லிமீட்டர்?" பதினாறு, பதினெட்டு என்று ஏதாவது எண் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். போலோவின் பின்பக்கம் கழற்றி மாற்றக்கூடிய தனி பார் எதுவும் கிடையாது. இரண்டு பின் சக்கரங்களையும் சேர்க்கும் குறுக்குச் சட்டம், அதாவது டார்ஷன் பீம், தானே முறுக்கேறி அந்த வேலையைச் செய்கிறது. நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான். உங்களுக்கு விற்கப்போவது அந்தச் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைக்கும் கூடுதல் கம்பி.

60 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரிகிறது. பார் என்பது 'ப' வடிவில் வளைத்த முறுக்கு ஸ்பிரிங். அதன் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 16 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 18 மி.மீ. போட்டால் பார் மட்டும் 60 சதவீதம் விறைப்பாகும். கணக்கு சரிதான், ஆனால் அது பாரின் கணக்கு. காரின் சாய்வைத் தடுப்பதில் நான்கு ஸ்பிரிங்குகளுக்கும் முன்பக்க பாருக்கும் பங்கு இருக்கிறது. பின்பக்க பாரின் பங்கு மொத்தத்தில் ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், அந்த 60 சதவீதம் காருக்கு வந்து சேரும்போது 12 சதவீதம்தான். உங்கள் வண்டியிலோ ஒப்பிடப் பழைய பாரே இல்லை.

இதே இடத்தில் இன்னொரு வியாபார நுணுக்கம். "22 மி.மீ. சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கெட்டிக் கம்பியா, குழாயா என்று கேளுங்கள். 3 மி.மீ. சுவருள்ள 22 மி.மீ. குழாய், 20 மி.மீ. கெட்டிக் கம்பியை விடச் சற்றே அதிக விறைப்பு; எடை அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். குழாய் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை, எடை குறைவதால் நல்லதும்கூட. 22 என்ற எண்ணுக்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

சரி, போட்டால் உண்மையில் என்ன நடக்கும்? கோயிலில் சாமி தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வீதி முனையில் பல்லக்கைத் திருப்பும்போது வெளிப்பக்கம் நிற்பவர்களின் தோளில் பாரம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதைச் சாமியின் எடையும் உயரமும், தண்டுகளுக்கு நடுவே உள்ள அகலமும், திருப்பும் வேகமும் முடிவு செய்கின்றன. ஆனால் பின்னால் நிற்பவர் தோளை விறைத்துக்கொண்டால் அந்தக் கூடுதல் பாரத்தில் பெரும்பங்கு அவர் மேல் இறங்கும், முன்னால் நிற்பவர் கொஞ்சம் மூச்சு விடுவார். பின்பக்க பார் செய்வது இவ்வளவே. டயரின் பிடி, அதன் மேல் ஏறும் பாரத்தின் அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே ஒரே டயரில் அதிகப் பாரம் ஏற்றிய பின்பக்கம் கொஞ்சம் பிடியை இழக்கிறது. பாரம் குறைந்த முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்க முன்சக்கரம் வெறுமனே சுழல்வதும் குறையும். மூக்கு வெளியே போகிற முன்சக்கர இழுவைக் கார்களுக்கு இந்த வைத்தியத்தைச் சொல்வது இதனால்தான். வைத்தியம் சரியானது. ஆனால் வண்டியின் மொத்தப் பிடியில் கொஞ்சமும் கூடவில்லை. பின்னால் இருந்ததில் கொஞ்சம் எடுத்து முன்னால் கொடுத்திருக்கிறீர்கள்.

அதற்கான விலையை எங்கே கொடுப்பீர்கள் தெரியுமா? ஐப்பசி மழையில், குன்னூரிலிருந்து இறங்கும்போது. ஈர வளைவின் நடுவே பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் பாயும், பின்பக்கம் லேசாகும், வால் வீசும். மூக்கு வெளியே போனால் வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வால் வீசுவதைப் பிடிக்கப் பழக்கம் வேண்டும். வண்டி வழுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்கப் பார்க்கும் ஈஎஸ்பி உங்கள் வண்டியில் இருப்பது ஆறுதல். ஆனால் அதன் கணக்கு கம்பெனி சஸ்பென்ஷனை வைத்துப் போட்டது. இன்னொன்று, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் பார் குறுக்கே வராது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடியை மறுபக்கமும் வாங்கும். கோவைக்குள் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கும் லட்சணத்தை நீங்களே அறிவீர்கள்.

ஆகவே இந்த மாதம் செய்ய வேண்டியது வேறு. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். உங்கள் 28,000 அங்கேதான் போக வேண்டும். நானும் ஒருமுறை பாருக்குக் காசு கொடுத்து, ஒன்றும் மாறவில்லையே என்று இரண்டு மாதம் முழித்து, பிறகுதான் குனிந்து டயர் தேதியைப் பார்த்தவன்.

டயர் புதிதென்றால், கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, வண்டி சூடாவதற்கு முன் காற்றைச் சரியாக வையுங்கள். அப்படியே ஒரு வாரம் ஓட்டிவிட்டு, பின் டயர்களில் மட்டும் 2 பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள், முழுச் சுமைக்குச் சொன்ன அளவைத் தாண்டாமல். பார் வண்டியை எந்தத் திசையில் மாற்றுமோ அதன் சிறு சாம்பிள் பங்க்கில் இலவசமாகக் கிடைக்கும். அது பிடிக்கவில்லை என்றால் பாரும் பிடிக்காது. 82,000 கி.மீ. ஆன வண்டியில் முன்பக்க பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடு, பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ், நான்கு ஷாக் அப்சர்பர் எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். முன்பக்க புஷ் தேய்ந்திருக்கும்போது பின்னால் விறைப்பைக் கூட்டினால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாமல் போகும்.

இத்தனைக்கும் பிறகு ஆசை விடவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள், வளைந்த மலைச்சாலையில் அது தரும் சந்தோஷத்தை நான் மறுக்க மாட்டேன். உங்கள் மாடலுக்கென்றே செய்த, ஏற்கெனவே உள்ள ஓட்டைகளிலோ கிளாம்பிலோ பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பீமில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். முறுக்கேறி முறுக்கேறி வேலை செய்யும் சட்டம் அது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் விரிசல் தொடங்கும். பாரின் முனையில் இரண்டு மூன்று ஓட்டைகள் இருந்தால் வளைவிலிருந்து தள்ளியிருக்கும் ஓட்டைதான் மென்மையானது, அதில் தொடங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி இறுக்கிக் கொடுப்பது கூலியில் அடக்கமா என்று முன்பே பேசிவிடுங்கள். பார் மட்டும் மாட்டினால் சக்கரக் கோணம் மாறாது. பில்லில் வீல் அலைன்மென்ட் என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேட்கலாம்.

கேள்வி: இப்படிப் பார் போட்டால் ஆர்டிஓ பிடிப்பார்களா? இன்சூரன்ஸ் கிளெய்ம் போய்விடுமா? கடைக்காரர் "ஆர்டிஓ அப்ரூவ்ட்" என்கிறார்.
- சேலம் வாசகர்

பதில்: அப்ரூவல் என்றால் காகிதம் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவு விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே வாசித்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஆன்டி ரோல் பாருக்கென்று ஒரு கட்டம் இல்லை, வண்டிக்கு அடியில் யாரும் குனிந்து பார்ப்பதும் அபூர்வம். ஆனாலும் பொறுப்பு கடைக்காரருடையது ஆகாது, உங்களுடையது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாட்டும் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் சர்வேயர் கையில் கிடைத்த துருப்பு. வாரண்டி மிச்சமிருக்கும் புது வண்டியில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: தெரிந்த லேத் பட்டறையில் அதே அளவுக்குப் பார் வளைத்து 4,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். இரும்பு இரும்புதானே?
- பீளமேடு வாசகர்

பதில்: பாதி உண்மை, அதுதான் ஆபத்து. சாதா இரும்புக் கம்பியான எம்.எஸ். ராடோ, லாரிப் பட்டைக்கு வரும் இஎன் 45 ஸ்பிரிங் ஸ்டீலோ, ஒரே விட்டமென்றால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு "கம்பெனி பார் மாதிரியே இருக்கிறது" என்று பட்டறைக்காரரைப் பாராட்டுவீர்கள், பொய்யும் இல்லை. வித்தியாசம் தாங்கும் அளவில். எம்.எஸ். ராடு பெரிய முறுக்கில் வளைந்தபடியே நின்றுவிடும், அல்லது வளைவுகளில் விரிசல் விட்டு ஒரு நாள் அறும். ஸ்பிரிங் ஸ்டீலே வாங்கினாலும், சூடேற்றி வளைத்த பிறகு முறைப்படி ஹார்டனிங், டெம்பரிங் என்ற ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிக் குளிர்வித்து உறுதியேற்றுவது) செய்யாவிட்டால் அதுவும் வீண். அறுந்த முனை பிரேக் ஹோஸ் பக்கம் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கோவைப் பட்டறைகளின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை, மோட்டார் பந்தயக் காரே கட்டிய ஊர். அந்த 4,000க்குள் ஹீட் ட்ரீட்மென்ட் அடங்குமா என்பதில்தான் சந்தேகம்.

கேள்வி: ஆன்லைன் சந்தைத் தளம் ஒன்றில் என் 2019 ஸ்விஃப்டுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்த பாரை 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். மாட்டினால் சைலன்ஸர் பைப்பில் இடிக்கிறது. "மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்றவர். பில் இருக்கிறது.
- மதுரை வாசகர்

பதில்: மாட்டிப் பார்க்காமல் இடிக்கிறதா என்று எப்படித் தெரியுமாம்? 2020 மின் வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆகவே தாமதிக்காதீர்கள். "2019 ஸ்விஃப்டுக்குப் பொருந்தும்" என்ற பக்கத்தை, அவர்கள் திருத்துவதற்கு முன் இன்றே படம் பிடித்து வையுங்கள். இடிக்கும் இடத்தையும் வண்டிக்கு அடியிலிருந்து வீடியோ எடுங்கள். விற்றவருக்கும் தளத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இடிக்கும் இடத்தில் பைப்பைத் தட்டி ஒதுக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிறகு "நீங்கள்தான் சேதப்படுத்தினீர்கள்" என்பார்கள்.

பில் வைத்திருந்தீர்களே, அதற்கு ஒரு சபாஷ். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று வெற்றுச் சீட்டில் வாங்கியவர்களின் கடிதங்களுக்கு என்னிடம் பதிலே இருப்பதில்லை.

கேள்வி: முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்தது. மெக்கானிக் ஒரு பக்க லிங்க் ராடைக் கழற்றிப் போட்டுவிட்டார். சத்தம் நின்றுவிட்டது, காசும் வாங்கவில்லை. அப்படியே விடலாமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: கூடாது. ஒரு பக்கம் கழற்றினாலே முன்பக்க பார் முழுவதும் சும்மா தொங்கும். வண்டி கூடுதலாகச் சாயும், பிடியின் சமநிலையும் மாறிவிடும். கோவை வாசகர் 28,000 கொடுத்துப் போக நினைத்த திசைக்கு உங்கள் மெக்கானிக் இலவசமாகவே கொண்டுபோய் விட்டிருக்கிறார், நீங்கள் கேட்காமலேயே. சத்தத்துக்குக் காரணம் அந்த ராடின் பால் ஜாயின்ட் தேய்ந்ததுதான். மறுபக்கமும் அதே வயதுதான் என்பதால் ஜோடியாக வாங்கி மாற்றுங்கள், இரண்டாவது பில்லும் இரண்டாவது கூலியும் மிச்சம். நட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி ஜாக்கியில் தொங்காமல் இரண்டு சக்கரமும் தரையில் நிற்கட்டும். அதுவரை பல்லடம் சாலையில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.