சாலைக்கும் மெட்ரோவுக்கும் பணக்கணக்கு போடும் படிப்பு: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா.

மகள் சிவில் மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறாள், அடுத்துப் போக்குவரத்துத் திட்டமிடல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். “ரோடு போடுகிற வேலைக்கு மேற்படிப்பு எதற்கு? ஐ.டி. பக்கம் போகட்டும்” என்று அவள் அப்பா சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். அவருடைய கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த வேலை என்னவென்று வீட்டில் யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். எந்த ஊருக்கு எந்தச் சாலை, எந்த ரயில் வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும், அந்தப் பணம் யார் கையிலிருந்து வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை அது. தார் ஊற்றுவதெல்லாம் பல வருஷம் கழித்து நடப்பது.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததோ 2024 அக்டோபரில். நடுவில் இருந்த ஏறக்குறைய நான்கு வருஷமும் இது மாநில அரசின் திட்டமாகவே ஓடியது. செலவின் பெரும்பகுதி மாநிலத்தின் தலையில். ஒப்புதலுக்குப் பிறகு 33,593 கோடி கடன் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தது. அதோடு மத்திய அரசு தரும் பங்கு மூலதனமும் துணைக்கடனும் (மற்றக் கடன்களுக்குப் பிறகு திருப்பித் தரும் கடன்) சேர்ந்து 7,425 கோடி. மொத்தத்தில் சுமார் 65 சதவீதம் மத்திய அரசு, மீதி மாநிலம். தண்டவாளமும் சுரங்கமும் அதேதான், கடன் யார் பேரில் நிற்கிறது என்பது மட்டும் மாறியது. அது மாறியதால் மாநிலம் வேறு வேலைகளுக்குக் கடன் வாங்க இடம் கிடைத்தது. உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவது இந்தக் கணக்கைத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகள் டெல்லியிலிருந்து திரும்பி வந்தன. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் இரண்டு ஊருக்கும் அது இல்லை என்றார்கள். இதில் அரசியல் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் கோவைக்குப் போட்ட பயணிகள் எண்ணிக்கையையும் கேள்வி கேட்டார்கள், பாருங்கள், அங்கேதான் இந்தப் படிப்பின் கனம் தெரிகிறது. ஒரு நகரத்தின் பல வருஷ எதிர்பார்ப்பு, யாரோ போட்ட ஓர் எண்ணைச் சுற்றி நிற்கிறது.

அந்த எண் எப்படி வருகிறது? சாலை ஓரத்திலிருந்து. நெடுஞ்சாலைக்கு ஏழு நாள், இருபத்து நான்கு மணி நேரமும் வண்டி எண்ணுவார்கள். இப்போது கேமரா வந்துவிட்டது. இருந்தாலும் படிவத்தில் கோடு போட்டு எண்ணும் பையன்களை இன்னும் பார்க்கலாம். கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம், வண்டி வகைக்கு ஒரு வரிசை. அப்புறம் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்ற வேண்டும். சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் இந்தியச் சாலைகள் பேராயம் ஊரகச் சாலைகளுக்கு வைத்திருக்கும் அளவில் ஒரு பைக் அரை கார், பஸ் மூன்று கார், பெரிய மாட்டு வண்டி எட்டு கார். மாடு மெதுவாகப் போகிறது, பின்னால் வரும் எல்லாரையும் நிறுத்திவைக்கிறது, அதனால் எட்டு. இதை ஒரு முறை வெயிலில் நின்று செய்தவளுக்குத்தான் பின்னாளில் கணினி தரும் எண்ணைச் சந்தேகப்படத் தெரியும்.

அடுத்தது எஸ்டிமேட், அதாவது செலவு மதிப்பீடு. பொதுப்பணித் துறை விலைப்பட்டியலில் ஜல்லிக்கும் சிமென்ட்டுக்கும் விலை இருக்கும். அதோடு ‘லீட்’ சேர வேண்டும். குவாரியிலிருந்து வேலை நடக்கும் இடம்வரை ஜல்லி வர எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் லீட். பக்கத்துக் குவாரி மூடிவிட்டால் அதே சாலையின் செலவு ஏறிவிடும். நிலத்துக்கான இழப்பீடு, குறுக்கே வரும் குடிநீர்க் குழாய், மின்கம்பம் மாற்றுகிற செலவு எல்லாம் இதில் அடங்க வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் கணக்கு பிசகும். பிறகு ‘ரிவைஸ்டு எஸ்டிமேட்’ (திருத்திய மதிப்பீடு) என்று ஒரு கோப்பு கிளம்பும். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பெந்த் ஃப்ளூபியர் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் 2002-ல் பல நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பதில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. ரயில் திட்டங்களில் சராசரியாக 45 சதவீதம்.

மெட்ரோ என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. மக்களுக்கு மிச்சமாகும் நேரம், எரிபொருள், குறையும் விபத்து எல்லாவற்றையும் ரூபாயாக்கி, போடும் பணத்துக்குப் பொருளாதார லாபம் 14 சதவீதமாவது வருகிறதா என்று 2017 கொள்கை கேட்கிறது. பயணிகள் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டால் 12 என்பது 14 ஆகிவிடும். அப்படிப் போடச் சொல்லி அழுத்தம் வரும். முடியாது என்று மரியாதையாகச் சொல்லும் துணிவு உங்கள் மகளிடம் இருக்கிறதா என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம். கிண்டி பொறியியல் கல்லூரி, சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. மூன்றிலும் போக்குவரத்துப் பொறியியல் முதுகலை இருக்கிறது. டெல்லியில் உள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் போக்குவரத்துத் திட்டமிடலுக்கென்றே தனி முதுகலை உண்டு. சிவில் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் கிடைக்க கேட் (GATE) என்ற தேசிய அளவிலான தேர்வுதான் முக்கிய வழி. மதிப்பெண் சரியாக வராவிட்டால், பணம் கட்டி ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வருஷம் ஆலோசனை நிறுவனத்தில் சர்வே வேலை பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும். ஆரம்பச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது, ஒப்பந்த வேலையாகவும் இருக்கலாம். இதை அவளிடம் மறைக்க வேண்டாம்.

அவள் அப்பாவுக்கு அரசு வேலைதான் முக்கியம் என்றால், டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு வழியாக நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர் ஆகலாம். எஸ்டிமேட் போடுவது அங்கே அன்றாட வேலை. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் போன்ற அமைப்புகளுக்கும் இந்தப் படிப்பு படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். இந்த வழிகளைச் சொல்லி அவரோடு பேசுங்கள்.

இந்த விடுமுறையில் அவள் எக்செலும் புள்ளியியலும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளட்டும். துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி, உங்கள் ஊர் நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் ஒரு மாதம் பயிற்சி கேட்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு எஸ்டிமேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், கேட் விண்ணப்பம் போட்டுவிடலாம். வழக்கமாக அது ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும்.