எந்த உலோகம் என்று முதலில் கேளுங்கள்

நுகர்வோர் கேள்வி-பதில்

சென்ற முறை, உலோகத்துக்குக் கெட்டியான மேற்பரப்பும் நிறமும் தரும் அனோடைசிங் பற்றி ஒரு வரிதான் எழுதினேன். அதற்கு டர்பனிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்து இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுடையவை. அதனால் இம்முறை அதையே எடுத்துக்கொள்கிறேன்.

*

கேள்வி: அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி என் பெயருக்கு லைசன்ஸ் மாறி வந்துவிட்டது. குழல் நிறம் போய்த் துரு தட்டுகிறது. ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறைக்காரர் 1,800 ரேண்டுக்குக் கறுப்பு அனோடைசிங் செய்து தருவதாகச் சொல்கிறார். பாதிப் பணம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: கொடுக்காதீர்கள். குழல் எஃகு. எஃகை அனோடைஸ் செய்ய முடியாது. அலுமினியத்தை அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால் அதன் மேற்பரப்பே கெட்டியான ஆக்சைடாக மாறும், அதுதான் அனோடைசிங். டைட்டானியத்துக்கும் இது செய்வார்கள். எஃகை அதே தொட்டியில் போட்டால் அமிலம் அதை அரித்துவிடும். இது தெரியாதவர் உங்கள் அப்பாவின் துப்பாக்கியைத் தொடக்கூடாது. தெரிந்தும் சொல்கிறார் என்றால் பெயின்ட் அடித்துக் கொடுக்கப்போகிறார்.

இன்னொன்று. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குழல், ஃபிரேம், ரிசீவர் ஆகியவை தனித்தனியாகக் கழற்றி வைத்தாலும் துப்பாக்கியாகவே கணக்கு. கன்ஸ்மித் (துப்பாக்கி செப்பனிடுபவர்) லைசன்ஸ் இல்லாத பட்டறையில் குழலை விட்டுவிட்டு வந்தால் சட்டச் சிக்கல் உங்களுக்கும் வரும். லைசன்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் போய் ப்ளூயிங் பற்றிக் கேளுங்கள், எஃகுக்கு ரசாயனத்தால் கருநீல நிறம் ஏற்றும் வேலை அது. அப்போது ஒன்றை மறக்காதீர்கள்: பழைய இரட்டைக் குழல்கள் பல ஈயப் பற்றாசால் ஒட்டியவை. கொதிக்கும் காரத் தொட்டியில் செய்யும் ப்ளூயிங் அந்தப் பற்றாசைத் தின்றுவிடும். அவற்றுக்கு, மெல்லிய துருவை வளர்த்து அதையே கறுப்பாக்கும் ரஸ்ட் ப்ளூயிங்தான் சரி. மெதுவான வேலை, செலவும் கூடும். ஆனால் குழல் பிழைக்கும்.

*

கேள்வி: சீரியல் எண் இருக்கும் இடம் கீறலாக இருக்கிறது. நிறம் ஏற்றுவதற்கு முன் அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கச் சொல்லலாமா?

பதில்: கூடாது. எண்ணை அழிப்பது குற்றம்.

*

கேள்வி: என் வேட்டை ரைஃபிளின் டிரிகர் கார்டும் அடித்தகடும் அலுமினியம். கறுப்பு அனோடைசிங் செய்யக் கொடுத்தேன். டிரிகர் கார்டு ஊதா நிறத்தில் வந்தது. அடித்தகடு திட்டுத்திட்டாகச் சாம்பல். திருகு துளைகளும் இறுகிவிட்டன, திருகு உள்ளே போகவில்லை. கேட்டால் "உங்கள் உலோகம் அப்படி" என்கிறார்கள். ரசீதில் தொகை மட்டும்தான் இருக்கிறது. (டொங்காட்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் கனத்தது. அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் அது அவர்களைக் காப்பாற்றாது.

வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கன் அதிகம். அது அனோடைசிங்கில் கரும்சாம்பலாகத் திட்டுத்திட்டாகத்தான் வரும். ஊதா வேறு கதை. சாயம் போதுமான அளவு இறங்கவில்லை, அல்லது கடைசியில் சூடான நீரில் படலத்தின் நுண்துளைகளை மூடும் வேலையை அவசரமாக முடித்திருக்கிறார்கள். திருகு துளை இறுகியதற்குக் காரணம் எளிமையானது. ஆக்சைடுப் படலத்தில் ஏறக்குறையப் பாதி உலோகத்துக்குள்ளே போகும், பாதி வெளியே வளரும். தடித்த படலம் தரும் ஹார்ட் அனோடைசிங்கில் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) படலம் சாதாரணம். அப்படியென்றால் துளையின் ஒவ்வொரு பக்கமும் 25 மைக்ரான் கூடி, குறுக்களவு 50 மைக்ரான் குறைகிறது. திருகு மரைகளை அடைத்துவிட்டுத் தொட்டியில் இறக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். அதை அவர்கள் செய்யவில்லை.

உலோகம் ஒத்துவராது என்றால் உங்களிடமிருந்து வேலைக்கு வாங்கும்போதே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும், கெடுத்த பிறகு அல்ல. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. வேலை தரமாக இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பொருள், கொடுத்தபோது இருந்த நிலைக்குக் குறையாமல் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் குறையைச் சரிசெய்யவோ, நியாயமான ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தரவோ நீங்கள் கேட்கலாம். படங்கள் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள், சேவை ஆம்பட் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் போங்கள். அதற்கும் மேலே தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

ஆனால் "சுரண்டி மறுபடி செய்து தருகிறோம்" என்றால் யோசியுங்கள். பழைய படலத்தைப் பெரும்பாலும் காஸ்டிக் சோடாவில்தான் கரைப்பார்கள். படலத்தோடு கொஞ்சம் அலுமினியமும் போகும். ஒரு தடவை தாங்கும். இரண்டாம் தடவை பொருத்தம் தளர்ந்துவிடும்.

இங்கே நான் பல வருடமாகச் சொல்லிவருவதை மறுபடி சொல்ல வேண்டும். நம் ஆட்கள் வேலை கொடுக்கும்போது காகிதம் கேட்பதில்லை. பட்டறைக்காரர் தெரிந்தவர், கோவிலில் பார்ப்பவர், அவரிடம் போய் எழுத்தில் கேட்டால் என்ன நினைப்பார் என்ற கூச்சம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. என் மீன்பிடி ரீலின் உதிரி ஸ்பூலையும் துப்பாக்கியில் தொலைநோக்கியைப் பிடித்து வைக்கும் இரண்டு ஸ்கோப் வளையங்களையும் ஒரு பட்டறையில் வாய்ச்சொல்லாகக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து ஒரு வளையம் மட்டும் வந்தது. "நீங்கள் ஒன்றுதான் கொடுத்தீர்கள்" என்றார்கள். என் கையில் ஒன்றும் இல்லை. நண்பரையும் இழந்தேன், பொருளையும் இழந்தேன். காகிதம் இருந்திருந்தால் நண்பராவது மிஞ்சியிருப்பார். பழுதுபார்ப்பு, பராமரிப்பு வேலைக்கு முன்கூட்டியே மதிப்பீடு கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் கேட்பது உரிமை, அவமரியாதை இல்லை. எத்தனை துண்டு, என்ன உலோகம், சாதாரண அனோடைசிங்கா ஹார்ட் அனோடைசிங்கா, எத்தனை மைக்ரான், எந்தத் துளையை அடைக்க வேண்டும், என்ன நிறம், எந்தத் தேதி. அரைப் பக்கம்கூட வராது. தயவுசெய்து எழுதி வாங்குங்கள்.

*

கேள்வி: இணையத்தில் மலிவாக ஒரு ஸ்கோப் மவுண்ட் வாங்கினேன். நிறம் பிடிக்காமல் அனோடைசிங்குக்குக் கொடுத்தேன். பாதி கரைந்து, குழிகுழியாகத் திரும்பி வந்தது. விற்றவர் மீது வழக்குப் போடலாமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: விற்றவர் அலுமினியம் என்று எழுதியிருந்தாரா? விளம்பரத்தில் "உலோகம்" என்று மட்டும்தான் இருந்தது என்று நீங்களே கடிதத்தின் கடைசியில் சொல்கிறீர்கள். எந்த உலோகம் என்று நீங்கள் கேட்கவில்லை, பட்டறைக்காரரும் கேட்கவில்லை. அது துத்தநாக வார்ப்பாகத்தான் இருக்க வேண்டும். அமிலத்தில் அது கரையும்.

கையில் தூக்கிப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்கும். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், துத்தநாகம் ஏறக்குறைய 7.1 கிராம். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். துத்தநாகத்திலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. வந்த பொருள் பிடிக்கவில்லை என்றால் 7 நாளுக்குள் திருப்பி அனுப்ப மின்வணிகச் சட்டம் பெரும்பாலான இணையக் கொள்முதலுக்கு இடம் தருகிறது, அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. நீங்கள் அதைச் செய்யாமல் அமிலத்துக்கு அனுப்பினீர்கள். விற்றவரை விடுங்கள். பட்டறைக்காரரிடம் வேண்டுமானால் பேசிப் பாருங்கள்.

*

கேள்வி: பேட்டரி அமிலமும் சார்ஜரும் வைத்து வீட்டுக் கராஜிலேயே செய்யலாம் என்று மகன் சொல்கிறான். செலவு மிச்சம்தானே? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: வேண்டாம் அம்மா. கந்தக அமிலம் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வேறு வரும், மூடிய கராஜில் ஒரு பொறி போதும். மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

*

கேள்வி: வீட்டு வாசலுக்கு வந்த விற்பனையாளரிடம் ஹார்ட் அனோடைஸ்டு சட்டி செட் வாங்கிவிட்டேன். இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு பணம். (வெருலம்)

பதில்: அக்கா, இன்றே எழுதி அனுப்புங்கள். வீடு தேடி வந்து விற்றது நேரடி விற்பனை. 5 வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்தால் காரணம் சொல்லத் தேவையில்லை, அபராதமும் இல்லை. சட்டியை அடுப்பில் வைக்காதீர்கள்.

*

கேள்வி: என் பெல்லட் கன்னின் ஸ்கோப் வளையங்களுக்கு நல்ல சிவப்பு வேண்டும். கன்ஸ்மித்திடம்தான் போக வேண்டுமா? "அனோடைசிங்" என்று சொல்லிப் பெயின்ட் அடித்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? (ஸ்டாங்கர்)

பதில்: வளையத்துக்கு கன்ஸ்மித் தேவையில்லை தம்பி. 5.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த காற்றுத் துப்பாக்கிகளைச் சட்டம் துப்பாக்கியாகக் கருதுவதில்லை.

பெயின்ட் விஷயத்தில் நான் பட்டது சொல்கிறேன். ஷாட் மீன் சீசனுக்காக, தங்க நிறத்தில் அனோடைஸ் செய்தது என்று சொல்லி விற்ற ஒரு ரீல் வாங்கினேன். கடல் உப்பு பட்டு ஒரே சீசனில் ஸ்பூல் விளிம்பில் செதில் செதிலாக உரிந்தது. அனோடைசிங் அப்படி உரியாது, அது உலோகத்திலிருந்தே வளர்ந்த படலம். விளிம்பையும் மூலையையும் பாருங்கள், தடிமனாக வழிந்த அடையாளம் இருந்தால் பெயின்ட். கண்ணில் படாத இடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேயுங்கள். நிறம் பஞ்சில் வந்தால் சாதாரண பெயின்ட்.

சிவப்பு வெயிலில் சீக்கிரம் மங்கும் சாயங்களில் ஒன்று. நம் ஊர் வெயிலுக்குக் கறுப்பு நின்று பிடிக்கும். சிவப்புதான் வேண்டும் என்றால் இரண்டு வளையத்தையும் ஒரே தடவையில் ஒரே தொட்டியில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் இரண்டு சிவப்பாக வரும்.