பிளேட்லெட் 14,000, ஆனாலும் மருந்து வேண்டாமா?

கேள்வி: என் 4 வயது மகனுக்குச் சளிக்காய்ச்சல் வந்து போன இரண்டு வாரத்தில் கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். பிளேட்லெட் 14,000தான். ஐடிபி என்று சொன்ன டாக்டர், மருந்தே தராமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சொந்தக்காரர்கள் உடனே பிளேட்லெட் ஏற்றச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வேறெங்கும் ரத்தக்கசிவு இல்லையென்றால் டாக்டர் செய்தது சரிதான். 1.5 லட்சமாவது இருக்க வேண்டியது 14,000 என்றால் யாருக்கும் வயிறு கலங்கும், அதிலும் டெங்கு சீசன்தோறும் பிளேட்லெட் நம்பரைக் கேட்டுக் கேட்டே பயந்து பழகிய நம் ஊரில் சொல்லவே வேண்டாம். ஐடிபி என்ற இந்த நோயின் கதை வேறு. கிருமியை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல், ரத்தம் உறைய உதவும் சொந்தத் தட்டணுக்களையே (பிளேட்லெட்) அழிக்கிறது. வெளியிலிருந்து ஏற்றினாலும் அதே கதிதான், சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு வந்தால் மட்டும், மற்ற மருந்துகளோடு சேர்த்து ஏற்றுவார்கள்.

சிகிச்சையை முடிவுசெய்வது ரத்தக்கசிவுதான். தோலில் புள்ளியும் கன்றலும் மட்டும் என்றால் கண்காணிப்பே போதும் என்கிறது அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், எண்ணிக்கை 20,000க்குக் கீழே இருந்தாலும்கூட. வாய்க்குள் ரத்தக் கொப்புளம், நிற்காத மூக்கு ரத்தம் என்று வந்தால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தருவார்கள், 5 முதல் 7 நாள். அதற்கு மேல் இழுத்தால் பசி, எரிச்சல், தூக்கமின்மை என்று பிள்ளை படுத்தியெடுக்கும். ஓரிரு நாளில் எண்ணிக்கையைக் கூட்டியாக வேண்டுமென்றால் ஐவிஐஜி (நரம்பு வழியாக ஏற்றும் எதிர்ப்புப் புரதம்) இருக்கிறது, விலைதான் கையைக் கடிக்கும். எதுவும் நோயைத் துடைத்துவிடாது, அது தானாக அடங்கும்வரை தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஒரு வருடம் தாண்டியும் தொல்லை தந்தால் தட்டணு உற்பத்தியைத் தூண்டும் எல்ட்ரோம்போபாக் போன்ற மருந்துகள் உண்டு (எல்ட்ரோம்போபாகைப் பாலோடு கொடுத்தால் சரியாக வேலை செய்யாது).

நோய் அடங்கும்வரை இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். தசையில் ஊசி போடுவதற்கு முன் ஐடிபி என்று சொல்லிவிடுங்கள். பப்பாளி இலைச் சாறு ஐடிபிக்கு உதவும் என்பதற்கு நிரூபணம் இல்லை, கசப்பைக் குடிக்கவைத்து அழவிடாதீர்கள். சோபாவிலிருந்து குதிப்பதை நிறுத்துவதுதான் பெரிய வேலை.

தலையில் அடி, கடும் தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம், சிறுநீரில் ரத்தம், கறுப்பு மலம், இதில் எது வந்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். விடாத காய்ச்சல், எலும்பு வலி, நெறிகட்டு அல்லது வெள்ளையணுவிலும் கோளாறு என்றால் வேறு நோயா என்று பார்க்க எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை தேவைப்படலாம். மற்றபடி டாக்டர் சொன்ன தேதிக்கு ரத்தம் எடுத்தால் போதும், மனசு கேட்கவில்லை என்று தினமும் குத்தாதீர்கள்.