கூடையில் போடும்போதே கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

மளிகைச் செலவு பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

2,500 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறேன். பில் போடும்போது 3,200 என்று வந்து நிற்கிறது. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறேன். ஒன்றும் குறைந்தபாடில்லை. (அல்சூர் வாசகி)

நோட்டில் எழுதுவது காசு போன பிறகு எழுதும் கணக்கு. அடுத்த மாதம் பட்டியல் போட உதவும். கையில் இருக்கும் கூடைக்கு உதவாது. கூடையில் விழும்போதே கூட்ட வேண்டும், அதுவும் மனதிலேயே கூட்டும் அளவுக்குச் சுலபமாக.

கடைசி இலக்கத்தை விட்டுவிடுங்கள். பத்து ரூபாயை ஒன்று என்று எண்ணுங்கள். கடைசி இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் மேலே ஏற்றுங்கள், 4 வரை என்றால் தள்ளிவிடுங்கள். துவரம் பருப்பு 147 என்றால் 15. நல்லெண்ணெய் 212 என்றால் 21. ரவை 38 என்றால் 4. நான்கு சோப்புக் கட்டு 165 என்றால் 17. கூட்டினால் 57, அதாவது 570. உண்மையான தொகை 562. சில சாமானில் கூடும், சிலதில் குறையும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். கடை விலைகள் பல 5இலும் 9இலும் முடிவதால் நம் கூட்டல் பில்லைவிடச் சற்று அதிகமாகத்தான் நிற்கும். அது நல்லதே.

2,500 என்பது இந்தக் கணக்கில் 250. ஆனால் 240 வந்ததும் நின்றுவிடுங்கள். மிச்சம் பத்து, எடை போட்டு வாங்கும் சாமான்களுக்கான இடைவெளி.

இந்த முறை எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறோம். ஒன்று, அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு பக்கத்துச் சாமானுடையதாக இருக்கும். சீட்டில் பெயரோடு எடையையும் பாருங்கள். 500 கிராம் சீட்டுக்கு மேல் 1 கிலோ பாக்கெட்டை அடுக்கி வைத்திருப்பது சர்வ சாதாரணம். இரண்டாவது, ‘ஒன்று வாங்கினால் ஒன்று’ வகைச் சலுகை. பில்லில் கழிந்தது என்று பார்க்கும் வரை இரண்டுக்கும் முழு விலை போட்டே எண்ணுங்கள்.

இன்னொன்று: பில் போடும் மேசையில் அரிசி, பருப்பு, எண்ணெயை முதலில் எடுத்து வையுங்கள். பிஸ்கட், சாஸ், ஊறுகாய் கடைசியில். திரையில் தொகை எல்லையைத் தொட்டதும் மிச்சத்தை ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். ஸ்கேன் ஆகாத சாமானைத் திருப்பித் தருவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஸ்கேன் ஆனதை நீக்க வேண்டுமானால் பல கடைகளில் சூப்பர்வைசர் வந்து சாவி போட வேண்டும். பின்னால் வரிசை நிற்கும்போது அதற்குக் கூச்சப்பட்டே பலர் காசைக் கட்டிவிடுகிறார்கள்.

போன் கால்குலேட்டரில் கூட்டிக்கொண்டே போகிறேன். நடுவில் போன் வந்தாலோ, கை பட்டாலோ தொகை அழிந்துவிடுகிறது. (மல்லேஸ்வரம் வாசகர்)

சட்டைப் பையில் அடங்கும் சாதாரண கால்குலேட்டர் இந்த வேலைக்குப் போனைவிட மேல். அதில் ‘எம் பிளஸ்’ பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 46 ரூபாய் பாக்கெட் இரண்டு எடுத்தால் 46, பெருக்கல், 2, எம் பிளஸ். சமக்குறி போட வேண்டாம். பெருக்கி முந்தைய தொகையோடு அதுவே சேர்த்துவிடும். சாமானைத் திருப்பி வைத்தால் அதே கணக்கை அடித்து எம் மைனஸ். மொத்தம் தெரிய எம்.ஆர்.சி. பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். இரண்டு முறை அழுத்தினால் நினைவு துடைக்கப்படும்; பதற்றத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான். திரையில் மூலையில் ‘எம்’ எழுத்து தெரியும் வரை தொகை பத்திரம். கடைக்குள் நுழையும் முன் அந்த எழுத்து இல்லை என்பதையும் பாருங்கள், இல்லாவிட்டால் போன வாரத் தொகை மீது இந்த வாரம் ஏறும்.

பெரிய பாக்கெட் வாங்கினால் மலிவு என்று மாமியார் சொல்கிறார். பாக்கெட்டில் ‘ஒரு கிராம் விலை’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. எதை நம்புவது? (ஜெயநகர் வாசகி)

இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். பாக்கெட்டில் அலகு விலை, அதாவது ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ விலை, அச்சிட வேண்டும் என்பது விதி. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கில் போடுவார்கள். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்தான். அங்கேதான் வித்தியாசம் மறைகிறது. டீத்தூள் 250 கிராம் 142 ரூபாய், 500 கிராம் 286 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ‘கிராம் 0.57’ என்றே இருக்கும். கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள்: சின்னது 568, பெரியது 572. பெரிய பாக்கெட்தான் விலை அதிகம்! போதாததற்கு அந்த அச்சு எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. கடை தள்ளுபடியில் விற்றால் பொருந்தாது.

ஆகவே கடை விலையை எடுத்துக் கிலோவுக்கு மாற்றுங்கள். 500 கிராமை 2 ஆலும், 250ஐ 4 ஆலும், 200ஐ 5 ஆலும் பெருக்கினால் முடிந்தது.

எண்ணெயில் கூடுதல் கவனம் தேவை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். பாக்கெட் அளவுக்கு இருந்த கட்டுப்பாடு 2022இல் போனபின் 850, 800, 750 கிராம் பைகளும் வருகின்றன. பார்வைக்கு எல்லாம் லிட்டர் பை மாதிரியே இருக்கும். 910 கிராம் 160 ரூபாய், 850 கிராம் 152 ரூபாய் என்றால் எட்டு ரூபாய் மிச்சம் என்று தோன்றும். கிலோவுக்கு முதலாவது 176, இரண்டாவது 179. எண்ணெயை எப்போதும் கிராமில் ஒப்பிடுங்கள்.

நந்தினி பாலில் நடந்ததும் இதுவே. 2024 ஜூனில் நீல பாக்கெட் 1,050 மி.லி. ஆகி 44 ரூபாய்க்கு வந்தது. 2025 ஏப்ரலில் அந்த 50 மி.லி. போய், 1 லிட்டர் 46 ஆனது. கண்ணுக்கு இரண்டு ரூபாய் ஏற்றம். லிட்டருக்குப் பார்த்தால் 41.90இலிருந்து 46. தினம் ஒன்றரை லிட்டர் வாங்கும் வீட்டுக்கு 30 நாளுக்கு 185 ரூபாய் வரை கூடுதல். விலையை மட்டும் எழுதி வைத்தால் இது பிடிபடாது, பக்கத்தில் அளவையும் எழுதுங்கள்.

காபித்தூளுக்கு மட்டும் இந்த ஒப்பீடு செல்லாது. சிக்கரி 20 சதவீதம் கலந்ததையும் 40 சதவீதம் கலந்ததையும் கிலோ விலையில் ஒப்பிட்டால், சிக்கரியைத்தான் மலிவாக வாங்கி வருவீர்கள்.

தள்ளுவண்டியில் ஒருவர் கிலோ சொல்கிறார், இன்னொருவர் கால் கிலோ சொல்கிறார். எடையும் சரியாக அரை, ஒன்று என்று வருவதில்லை. (மடிவாளா வாசகர்)

தக்காளி, வெங்காயம் கிலோவில் சொல்வார்கள். பீன்ஸ், கேரட், குடைமிளகாய் கால் கிலோவில். ‘கால் முப்பது’ என்றால் கிலோ 120. எல்லாவற்றையும் கால் கிலோவுக்கு மாற்றிக் கேளுங்கள், வாங்குவதும் அந்த அளவில்தானே. எடை 680 கிராம் வந்து, கிலோ 64 என்றால், அரைக் கிலோ 32, மிச்ச 180ஐ 200 என்று வைத்து 13, மொத்தம் 45. துல்லியம் 43.50. ஒன்றரை ரூபாய்க்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கிளம்பும் முன் ஹாப்காம்ஸ் (தோட்டக்கலைக் கூட்டுறவு) கடையில் எழுதியிருக்கும் அன்றைய விலையை ஒரு பார்வை பார்த்துவிட்டால், வண்டிக்காரர் சொல்வது நியாயமா என்று தெரிந்துவிடும். கீரை கட்டுக்கு எடை கிடையாது. வேரை ஒடித்துவிட்டு மிஞ்சும் தழையைப் பார்த்து வாங்குங்கள்.

பால், கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று இருபது முப்பதாக யுபிஐ-யில் போவது தெரிவதே இல்லை. மாதக் கடைசியில் அறிக்கை பார்த்தால் நூறு வரி. (சிவாஜிநகர் வாசகி)

அன்றாடச் சில்லறைக்கு, யுபிஐ ஆப்பிலேயே இருக்கும் சின்னத் தொகைப் பணப்பையான யுபிஐ லைட்டைத் தனி டப்பாவாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நேரத்தில் 5,000 வரை வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை கொடுக்கலாம். காய்கறிக்கு மாதம் 2,400 என்றால் ஒன்றாம் தேதி 1,200, பதினாறாம் தேதி 1,200 ஏற்றுங்கள். வங்கிப் பாஸ்புத்தகத்தில் ஏற்றிய இரண்டு வரி மட்டும் விழும். மிச்சம் எவ்வளவு என்று ஆப்பைத் திறந்தாலே தெரியும். மீதி குறைந்ததும் தானாக நிரப்பும் வசதி இருக்கும். அதை முதலில் அணைத்துவிடுங்கள். அது ஓடினால் டப்பாவுக்கு அடி கிடையாது.

கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். 2025 ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்து வணிகர்களுக்கு வரி நோட்டீஸ் போனதும் இந்த ஊரில் பல சின்னக் கடைகளில் ‘யுபிஐ இல்லை, காசு மட்டும்’ என்று பலகை தொங்கியது நினைவிருக்கும். அப்படிக் கொடுக்கும் ரொக்கத்தையும் அந்த 2,400இலிருந்தே எடுங்கள், தனிக்கணக்கு வேண்டாம்.

25 கிலோ அரிசி மூட்டை வாங்கும் மாதம் பட்ஜெட் கிழிகிறது. (கே.ஆர்.புரம் வாசகர்)

மூட்டை வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். தீர்ந்த தேதியோடு பார்த்தால் எத்தனை மாதம் வந்தது என்று தெரியும். 1,500 ரூபாய் மூட்டை இரண்டரை மாதம் வந்தால் மாதம் 600. அந்த 600ஐ மூட்டை வாங்காத மாதத்திலும் ஒதுக்கி வையுங்கள்.

பத்து நிமிட டெலிவரி ஆப்பில் மொத்தம் கண்ணெதிரே தெரிகிறதே, அது வசதிதானே? (இந்திராநகர் வாசகி)

சாமான் மொத்தம் தெரியும். கையாளும் கட்டணம், டெலிவரி, சின்ன ஆர்டர் கட்டணம், மழைக்கு உபரி எல்லாம் பணம் கட்டும் பக்கத்தில்தான் ஏறும். 140 ரூபாய் சாமானுக்கு 35 ரூபாய் கட்டணம் என்றால் விலையில் கால் பங்கு கூடுதல். ‘இன்னும் 59 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்’ என்று வந்தால், பட்டியலில் இருப்பதைச் சேர்க்க முடிந்தால் மட்டும் சேருங்கள். நோட்டில் எழுத வேண்டியது கட்டிய தொகை. ஏதாவது சாமான் வராமல் பணம் ஆப் வாலட்டுக்குத் திரும்பினால், அதையும் எழுதுங்கள். அடுத்த ஆர்டர் மலிவாகத் தெரிவது அதனால்தான்.

என் கூட்டலும் பில்லும் 100 ரூபாய்க்கு மேல் வித்தியாசப்பட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (யஷ்வந்தபுரம் வாசகர்)

மேசையை விட்டு நகரும் முன் பாருங்கள். முதலில் எண்ணிக்கை: பில் அடியில் மொத்த உருப்படி எத்தனை, கூடையில் எத்தனை. ஒரே சாமான் இரண்டு முறை ஸ்கேன் ஆகியிருந்தால் இங்கேயே தெரியும். அடுத்து எடைச் சீட்டு ஒட்டிய சாமான்கள். நாட்டு வெல்லத்துக்கு வேறு ரகத்தின் விலைக் குறியீட்டை அடித்திருப்பார்கள். மூன்றாவதாக எம்.ஆர்.பி. ஒரே பார்கோடில் பழைய சரக்கும் புதுச் சரக்கும் இருந்தால் திரையில் இரண்டு விலை வரும், அவசரத்தில் அதிகமானதைத் தட்டிவிடுவார்கள். பாக்கெட்டில் அச்சிட்டதையும் பில்லில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்தது; அதன்மேல் ஜி.எஸ்.டி. போட முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, நெய், வெண்ணெய்க்கெல்லாம் வரி 5 சதவீதமாகக் குறைந்ததால், அதற்கு முந்தைய பில்லை வைத்து இவற்றுக்கு மதிப்புப் போட்டிருந்தால் உங்கள் கூட்டல்தான் தவறாக இருக்கும். அச்சு விலைக்கு மேல் வாங்கித் திருப்பித் தர மறுத்தால், பில்லையும் பாக்கெட்டையும் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.